கல்லென்ற ஊர்

2025 அக்டோபர் 23 அன்று சேந்தமங்கலம் சட்டமன்ற உறுப்பினர் பொன்னுசாமி மாரடைப்பால் காலமானார். வயது 74. 2006இல் ஒருமுறை, 2021இல் ஒருமுறை, இரண்டு தடவையும் தி.மு.க. சார்பில் ஜெயித்தவர். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, இன்னொன்று சேந்தமங்கலம். கொல்லிமலை முழுக்க இந்த இரண்டாவது தொகுதிக்குள் வருகிறது. ஒரு எம்.எல்.ஏ.வின் மரணம் சென்னையில் ஒருநாள் செய்தி. மலையில் அப்படியில்லை. சட்டமன்றம் என்ற இடத்தில் மலைக்காக உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அது காலியாகிவிட்டது.

அடுத்த மாதம் நான் கொல்லிமலை போயிருந்தேன். அதற்காகப் போகவில்லை, வேறு வேலை. காரவள்ளியில் ஆரம்பிக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஏறியது. மேலே வந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மழையில் ஊறி ஓரம் உரிந்துபோன கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். செம்மேட்டில் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சட்டமன்றம், தொகுதி என்று எங்கெங்கோ போன பேச்சு ஓரிடத்தில் வந்து நின்றது.

"செலையா இருக்காரே வல்வில் ஓரி, அவருதானுங்க எங்களுக்கு மொத எம்.எல்.ஏ.," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. மொத எம்.எல்.ஏ. இறந்தபோது இந்த மலை எப்படி அஞ்சலி செலுத்தியது? யார் என்ன பேசினார்கள்? சங்கப் பாடல்களில் அதற்கு ஏதாவது சாட்சி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் நாம் தேடிப் போகும் இடத்தில் இல்லை.

முதலில் ஓரி யார் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் கடையேழு வள்ளல்கள் பட்டியலில் ஒரு பெயராக மனப்பாடம் செய்துவிட்டு மறந்த ஆள் அவன். புறநானூற்றில் அவனைப் பற்றி மூன்று பாட்டுகள் இருக்கின்றன. 152, 153 இரண்டும் வன்பரணர் பாடியவை. 204 கழைதின் யானையார் பாடியது. 152ஆம் பாட்டு கிட்டத்தட்ட ஒரு சிறுகதை. பாணர் கூட்டம் காட்டு வழியே போகிறது. ஒருவன் அம்பு விடுகிறான். அது யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைத் தள்ளி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. ஒரே அம்பு. இது உயர்வு நவிற்சி என்பது சொன்ன புலவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். என்னைப் பிடித்து நிறுத்துவது அதற்கப்புறம் வருவது. அவன் யாரென்று தெரியாமலேயே விறலியரைப் பாடச் சொல்கிறார் புலவர். முழவு, யாழ், எல்லா இசையும் சேர்ந்து வர, முறைப்படி பாடி முடித்து ஓரியை வாழ்த்தும்போது, எதிரே நிற்கும் வேட்டுவன் தன் பெயரைக் கேட்டு நாணிப்போகிறான். அப்புறம் மான்கறியும், உருக்கிய நெய் போன்ற மதுவும், தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். தன் பெயரைத் தன் காதுபடச் சொன்னால் கூசிப்போகிற ஒரு தலைவன். நாற்பதடி ஃபிளெக்ஸ் வைக்கும் காலத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

153ஆம் பாட்டு இன்னும் சின்னது. ஓரியைப் பார்க்கப் போன கூத்தர்களுக்கு யானைகள் கிடைத்தன. குளத்தில் பூக்காத குவளை, அதாவது மணியில் செய்த குவளைப் பூக்களை வெள்ளி நாரில் தொடுத்த மாலை கிடைத்தது. நகைகள் கிடைத்தன. பசியும் போய்விட்டது. விளைவு என்ன தெரியுமா? அவர்கள் ஆட்டத்தை விட்டார்கள், பாட்டை மறந்தார்கள். புகழ்ச்சியாகத்தான் வன்பரணர் இதைச் சொல்கிறார். வயிறு நிறைந்தவன் ஏன் ஆட வேண்டும், ஏன் பாட வேண்டும் என்பது பாட்டின் நயம். ஆனால் ஓரியின் கதை முழுவதையும் தெரிந்துகொண்டு திரும்பி வந்து வாசித்தால் இந்த வரி வேறு மாதிரி கேட்கிறது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஓரியைக் கொன்றவன் திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி. முள்ளூர் மலைக்கு உரியவன். இவனும் கடையேழு வள்ளல்களில் ஒருவன் என்பதுதான் இந்தக் கதையின் முதல் சங்கடம். காரியைக் கபிலர் புறநானூற்றில் 121 முதல் 124 வரை நான்கு பாட்டுகளில் பாடுகிறார். அதில் 122 கொஞ்சம் கூர்ந்து படிக்க வேண்டிய பாட்டு. உன் நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் கொள்ளமாட்டார்கள், அது அந்தணர்களுக்குப் போய்விட்டது. மூவேந்தரில் யாராவது ஒருவருடைய ஆட்கள் "எங்களுக்குத் துணையாக வா" என்று கொண்டுவந்து கொடுக்கும் பொருள் இரவலர்களுக்குப் போய்விடுகிறது. உன்னுடையது என்று சொல்லிக்கொள்ள உன் மனைவியின் தோள் தவிர வேறொன்றும் இல்லை, ஆனாலும் என்ன பெருமிதம் உனக்கு! இதுதான் பாட்டின் சாரம். அழகான பாட்டு. அந்த அழகுக்குள்ளேயே ஒரு தகவலும் ஒளிந்திருக்கிறது. காரியின் வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரிய அரசர்களுக்காகப் போர் செய்வதிலிருந்து. வேந்தர்களின் கூலிக்குப் போர் செய்து, அந்தக் கூலியைத் தானம் செய்தவன் அவன்.

இப்போது அகநானூறு 209ஐத் திறந்து பார்க்கலாம். கல்லாடனார் பாட்டு. தலைவியைத் தோழி தேற்றும் பாலைப் பாட்டு அது. அதற்குள் கொல்லிமலை ஒரு உவமையாக வருகிறது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று சேரர்களுக்குக் கொடுத்த கொல்லி என்கிறார் கல்லாடனார். கவனியுங்கள், அவர் சொல்வது கொடுத்ததாக. கொடைக்குரிய அதே வினைச்சொல். வைத்துக்கொள்ளத் தெரியாத வள்ளல் ஒருவன் இன்னொரு வள்ளலைக் கொன்று, அவனுடைய மலையையே எடுத்து மூன்றாவது ஆளுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டான். மலையோடு சேர்ந்து அதில் இருந்த ஜனங்களும்தான் கைமாறியிருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு கொல்லி சேரர் மலையாகவே பாட்டுகளில் வருகிறது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தின் பதிகம், பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இரு பெருவேந்தர்களையும் வென்று தகடூரை அழித்ததாகச் சொல்கிறது. காரியின் கதையும் நன்றாக முடியவில்லை. கோவலூரை அதியமான் தாக்கி அழித்ததைப் பரணர் பாடியதாகப் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். மலையமானின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடப் போனபோது கோவூர்கிழார் குறுக்கே நின்று பாடிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அது 46ஆம் பாட்டு. ஒரு தலைமுறைக்குள் கொன்றவன் வீட்டுப் பிள்ளைகளே கொல்லப்படும் வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, ஓரி இறந்தான். அஞ்சலிப் பாட்டு எங்கே?

சங்க இலக்கியத்தில் அதற்கென்று ஒரு துறையே உண்டு. கையறுநிலை. தலைவன் இறந்தபின் செயலற்று நின்று பாடுவது. பாரி இறந்தபோது கபிலர் பாடினார், பாரியின் பெண்கள் பாடினார்கள். நிலவொளியில் அப்பாவும் குன்றும் இருந்த போன மாதத்தையும், இரண்டும் இல்லாத இந்த மாதத்தையும் வைத்து அந்தப் பெண்கள் பாடிய 112ஆம் பாட்டைத் தெரியாத வாசகர் குறைவு. அதியமானுக்கு ஔவையார் பாடினார். அவனுக்கு நட்ட நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் ஊற்றிப் படைத்தால், நாட்டையே கொடுத்தாலும் வாங்காத அவன் அதை வாங்கிக்கொள்வானா என்று கேட்டார். கோப்பெருஞ்சோழனுக்குப் பொத்தியார் பாடினார். பெரிய தலைவர்களை விடுங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகல்லில், மாடு பிடிக்கும் சண்டையில் செத்த ஒருவனின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. அவன் எந்தப் பாட்டிலும் இல்லை. ஆனால் அவன் ஊர்க்காரர்கள் ஒரு கல் எடுத்து நட்டு, பேரையும் வெட்டி வைத்தார்கள்.

ஓரிக்குக் கையறுநிலைப் பாட்டு ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. பெயர் பொறித்த கல்லும் இல்லை.

இருப்பது ஒரே ஒரு சத்தம். அது நற்றிணை 320இல் இருக்கிறது.

இந்தப் பாட்டு புறப்பாட்டே இல்லை. மருதத்திணை. பரத்தை ஒருத்தி பேசுவதாக வருவது. விழா முடிந்துவிட்டது, முழவும் ஓய்ந்துவிட்டது. அந்த நேரத்தில் தழையாடை உடுத்திய இளம்பெண் ஒருத்தி தெருவில் நடந்து போகிறாள். அவள் போனது அவ்வளவுதான், ஊரே கல்லென்று இரைந்துவிட்டது. வீட்டுப் பெண்களெல்லாம் அவரவர் புருஷன்மாரைப் பத்திரமாகக் காவல் காத்துப் பிழைத்துக்கொண்டார்கள். கேலியும் பொறாமையும் கலந்த பாட்டு. அந்த இரைச்சல் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு உவமை தேவைப்படுகிறது. அங்கேதான் வருகிறது: பழம் பெருமையுள்ள ஓரியைக் கொன்றபின், அவனுடைய பெரிய தெருவில் காரி நுழைந்தபோது அந்த ஊர் எழுப்பிய சத்தம் போல.

பாடியவர் கபிலர். ஆமாம், காரியைப் பாடிய அதே பெயர். சங்கப் பாட்டுகளில் பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று என்று அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் மரபு இருவரையும் ஒருவராகவே வைத்திருக்கிறது, நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். அப்படி வாசித்தால் நிலைமை இது: பறம்பு மலை விழுந்தபோது பாரிக்காக அழுத மனிதர், கொல்லிமலையை வீழ்த்தியவனைப் பாடிப் பரிசில் வாங்கியவர். ஓரியின் ஊரை அந்த உவமையில் அவர் பகைவரின் நிலம் என்றே குறிக்கிறார். காரியின் பக்கம் நின்று பார்க்கும் பார்வை அது. இருந்தும் ஓரிக்குப் பழைய வெற்றிப் பெருமையை விட்டுக்கொடுக்காமல் அடைமொழியாகப் போடுகிறார். அந்தத் தெருச் சத்தத்தை மறக்கவும் முடியவில்லை அவரால்.

அந்தச் சத்தம் என்ன சத்தம்? ஓலமா, கோபமா, பயமா? பாட்டு பிரித்துச் சொல்லவில்லை. 'கல்லென' என்பது அருவிக்கும் சொல்லப்படும், கூட்டத்துக்கும் சொல்லப்படும், அலருக்கும் சொல்லப்படும். தனித்தனிக் குரலாகப் பிரிக்க முடியாத பேரிரைச்சல். நான் நினைப்பது இது. வென்றவன் தெருவுக்குள் குதிரையில் வரும்போது ஒப்பாரி வைக்க முடியாது. எதிர்த்து நிற்கவும் முடியாது. அழுகையையும் திட்டையும் பிரார்த்தனையையும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சொன்னால் யார் என்ன சொன்னார்கள் என்று யாராலும் பிடிக்க முடியாது. ஒரு ஊர் தன் தலைவனுக்குச் செலுத்திய அஞ்சலியை அப்படித்தான் செலுத்தியிருக்க முடியும். இது என் ஊகம்தான். ஆனால் எதிரியின் புலவர் காதில்கூட அது விழுந்து, வருஷங்கள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு பரத்தையின் நடையைப் பாடும்போது ஞாபகம் வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய சத்தம்.

நாம் இப்போது அஞ்சலி செலுத்தும் முறை இதற்கு நேர்மாறு. சட்டமன்றத்தில் இரங்கல் தீர்மானம் வாசிப்பார்கள், உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள். ஊர்க் கூட்டங்களிலும் அதேதான்: "இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி." இந்த வழக்கம் நம்முடையதில்லை. முதல் உலகப் போரின் கடைசி வருஷம், 1918இல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் தினமும் நண்பகலில் பீரங்கி வெடித்ததும் ஊரே அசையாமல் நிற்கும் பழக்கம் ஏற்பட்டது. அதைப் பார்த்த பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் லண்டனுக்கு எழுதிப் பரிந்துரைக்க, 1919 நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்படி ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டார். சாம்ராஜ்யம் முழுக்க நின்றது. சாம்ராஜ்யம் போய்விட்டது, இரண்டு நிமிடம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. அதற்கு முன்னால் நம் ஊர்களில் சாவென்றால் பறை, சங்கு, ஒப்பாரி, மாரடிப்பு. சத்தம் இல்லாத சாவு அனாதைச் சாவு. இன்றைக்கும் தெருவில் எடுத்துப் போகும்போது சத்தம்தான். மேடையில் மட்டும்தான் மௌனம்.

கொல்லிமலைக்கு மறுபடி வருவோம். ஓரிக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள். அதில் மலை தன்னைத்தானே நாடு நாடாகப் பிரித்து நடத்திக்கொண்டது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று இன்றைய ஊராட்சிகளின் பெயர்களிலேயே அந்தப் பழைய பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்று மலையாளி மக்களுக்குள் தலைமை இருந்தது. சாமை விதைப்பதிலிருந்து சண்டை தீர்ப்பதுவரை அவர்கள் பேச்சு எடுபட்டது. அந்தத் தலைவர்கள் பெயர் எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஓரியின் பெயர் மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. கீழே ராசிபுரம் கைலாசநாதர் கோவிலின் தலக்கதையிலும் ஓரி இருக்கிறான். வேட்டையில் அவன் விட்ட அம்பு போய்ப் பட்ட இடத்தில் லிங்கம் இருந்ததாம். புறநானூற்றில் உடும்போடு நின்ற அம்பு, கதையில் இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டது.

இப்போது அரசாங்கம் வருஷா வருஷம் ஆடி 17, 18 தேதிகளில், அதாவது ஆகஸ்ட் மாத ஆரம்பத்தில், செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடத்துகிறது. சிலைக்கு மாலை, வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள். ஓரி எங்கள் சாதி என்று கீழேயிருந்து பல சங்கங்கள் வண்டி கட்டி வந்து மாலை போடுகின்றன. மலைக்காரர்கள் ஓரமாக நின்று பார்க்கிறார்கள். விழாவில் இறந்த நாள் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரே அம்பில் ஐந்து விலங்கு, அள்ளிக் கொடுத்த கை, இவைதான் பேச்சு. தோற்று விழுந்த தலைவனை நினைப்பதற்கு நம் மேடைகளில் வார்த்தை கிடையாது.

இதை இன்று ஆரம்பித்த பழக்கம் என்றும் சொல்ல முடியாது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது காரியையும் ஓரியையும் ஒரே பட்டியலில் வைக்கிறார். ஓரியை அறிமுகப்படுத்துவதே 'காரி'யோடு போரிட்டவன் என்றுதான். இருவர் குதிரைகளுக்கும் அவரவர் பெயரே பெயர் என்பதால் சொல்விளையாட்டுக்கும் வசதியாகிவிட்டது. நாகமரங்கள் பூத்த சிறு குன்றுகள் உள்ள நாட்டைக் கூத்தர்களுக்குக் கொடுத்தவன் என்று ஓரியைப் புகழ்ந்துவிட்டு, மேலே நகர்ந்துவிடுகிறார். யார் யாரைக் கொன்றார்கள் என்பது அங்கே தேவைப்படவில்லை. காலம் போகப் போகக் கொன்றவனும் செத்தவனும் ஒரே பதவியில் அமர்ந்துவிடுகிறார்கள்.

கூத்தர்களிடம் வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா. ஓரி வாழ்ந்தபோது அவன் கொடுத்ததில் பாட்டை மறந்தவர்கள். அவனுக்காக ஒரு கையறுநிலை பாட வேண்டியவர்கள் அவர்கள்தான். பாடினார்களா, பாடியது தொகுத்தவர்கள் கையில் சிக்காமல் போனதா, இல்லை, கொல்லியின் புதிய எஜமானர்களுக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டார்களா? வன்பரணரின் அந்தக் கடைசி வரி ஒரு புகழ்ச்சியாகத்தான் ஆரம்பித்தது. கதை முடிந்தபின் வாசித்தால் நடந்ததை அப்படியே எழுதி வைத்தது போல இருக்கிறது.

அன்று டீக்கடைப் பெரியவரிடம் இந்த நற்றிணைப் பாட்டின் கதையை முடிந்த அளவுக்குச் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"எந்தத் தெருவுங்க அது?" என்றார்.

"தெரியலைங்க. பெரிய தெருன்னு மட்டும் பாட்டுல இருக்கு."

"இந்த மலையில பெரிய தெருன்னா இதுதானுங்க," என்று செம்மேட்டுக் கடைவீதியைக் காட்டினார். அன்னாசிப்பழம் ஏற்றிய ஒரு மினி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது கடந்து போகும்வரை பேச்சை நிறுத்திவிட்டு, "எங்க எம்.எல்.ஏ.வுக்கும் இந்த வழியாத்தானுங்க சத்தம் போட்டுட்டுப் போனோம்," என்றார்.